நூறைத் தாண்டினால் போதுமா?

சேலத்திலும் நாமக்கல்லிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியாளர்கள் ஆலோசனைக் கூட்டம் நடக்கும். இரண்டு மாவட்டத்துக்கும் முன்னோடி வங்கி, அதாவது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி, இந்தியன் வங்கிதான். கூட்டத்தில் வைக்கும் அட்டவணையில் ஒவ்வொரு வங்கியின் பெயருக்கு நேரேயும் முதலில் கண்ணில் படுபவை மூன்று எண்கள்: மக்கள் போட்டுவைத்த வைப்பு, வங்கி கொடுத்து நிலுவையில் நிற்கும் கடன், இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வரும் சதவீதம். அந்த மூன்றாவது எண்ணுக்குத் தமிழில் கடன்-வைப்பு விகிதம் என்று பெயர். வங்கிக்காரர்கள் வாயில் அது 'சி.டி. ரேஷியோ'. நூறு ரூபாய் வைப்புக்கு அறுபது ரூபாய் கடன் என்றால் விகிதம் அறுபது. விகிதம் உயர்ந்தால் பாராட்டு, தாழ்ந்தால் விளக்கம் கேட்பு. இந்த வட்டாரத்துக்கு அந்த எண்ணில் ஒரு பெருமையும் உண்டு. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியின் விகிதம் அண்மை ஆண்டுகளில் நூறை ஒட்டியும் அதைத் தாண்டியும் நிற்கிறது. 2024 மார்ச் கணக்கில் நாட்டின் வட்டாரக் கிராம வங்கிகள் அனைத்துக்கும் சேர்த்த விகிதம் சுமார் 71தான். அப்படியானால் வைப்பைக் கடனாக மாற்றுவதில் சேலத்து வங்கி நாட்டுக்கே முன்னோடி என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிட முடியாது என்பது என் வாதம். வங்கி குறைபாடுள்ளது என்பதால் இதைச் சொல்லவில்லை. அந்த எண் வேறொரு கேள்விக்கான பதில், திறமையை அளக்க அதைக் கொண்டுவந்து நிறுத்துவது தவறு என்பதால் சொல்கிறேன். இந்தத் தவறு எங்கே நிகழ்கிறது என்பதை நகைக்கடனும் லாரியும் ஆழ்துளை ரிக்கும் கோழிப்பண்ணையும் நிறைந்த சேலம், நாமக்கல் சமவெளியில் பார்ப்பதுபோல் வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது.

விகிதத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுவோம். 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது, கிராமத்துச் சேமிப்பை உறிஞ்சிப் பெருநகரங்களில் கொட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு வங்கிகள்மீது வலுவாக இருந்தது. அதே ஆண்டு காட்கில் ஆய்வுக் குழு வட்டார அணுகுமுறையைப் பரிந்துரைத்தது. ஆண்டு முடிவதற்குள் மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி என்ற திட்டம் வந்தது. கிராமப்புற, சிறுநகரக் கிளைகளில் விகிதம் 60ஐ எட்ட வேண்டும் என்று பொதுத்துறை வங்கிகளுக்குப் பின்னர் இலக்கு வைக்கப்பட்டது. 2005இல் ரிசர்வ் வங்கி இன்னும் நுணுக்கமாகப் போய், விகிதம் 40க்குக் கீழே கிடக்கும் மாவட்டங்களில் தனித் துணைக்குழு அமைத்துக் கண்காணிக்கச் சொன்னது. பீகாரில் மாநில அளவிலேயே விகிதம் நெடுங்காலம் ஐம்பதுக்குக் கீழே கிடந்தது. அங்கே இந்த எண் நியாயம் கேட்கும் கருவி. எங்கள் பணம் எங்களுக்கு ஏன் கடனாக வரவில்லை என்று ஒரு மாவட்டம் கேட்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. தமிழ்நாட்டிலோ விகிதம் பல ஆண்டுகளாக நூறை ஒட்டியும் பெரும்பாலும் அதற்கு மேலும்தான் நிற்கிறது. பணம் வெளியே ஓடுகிறதா என்ற கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தாகிவிட்டது. கேள்வி முடிந்த பிறகும் அதே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, கூடக்கூட நல்லது என்று மதிப்பெண் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நூறு ரூபாய் வைப்பிலிருந்து நூறு ரூபாய்க்கு மேல் கடன் கொடுக்க எப்படி முடியும்? வைப்பில் 3 சதவீதத்தை ரொக்கக் கையிருப்பாக ரிசர்வ் வங்கியில் வைத்தாக வேண்டும். 2025 நவம்பர் இறுதி முதல் உள்ள அளவு அது. இன்னும் 18 சதவீதத்தை அரசுப் பத்திரங்கள் போன்றவற்றில் முடக்க வேண்டும். ஆக, நூறு ரூபாயில் கடன் கொடுக்க மிஞ்சுவது 79 ரூபாய். அதற்கு மேலே போகும் ஒவ்வொரு ரூபாயும் வேறெங்கிருந்தோ வர வேண்டும். வங்கியின் சொந்த மூலதனம் ஒரு வழி. விவசாய, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு குறைந்த வட்டிக்குத் தரும் மறுநிதி இன்னொரு வழி. கிராம வங்கியைத் தாங்கி நிற்கும் ஆதரவு வங்கியிடமிருந்தும் வாங்கலாம். கிராம வங்கி சட்டப்படி மத்திய அரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, ஆதரவு வங்கிக்கு 35 சதவீதம் என்று பங்கு பிரிந்த நிறுவனம் என்பதால் இந்த வாசல்கள் அதற்குத் திறந்தே இருக்கின்றன. இதில் தவறு ஒன்றுமில்லை. விவசாயிக்கு மலிவான பணம் கொண்டுவந்து சேர்ப்பதற்காகவே ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் கணக்கில் பாருங்கள்: மேலே உள்ள கடனில் நபார்டு பணம் சேர்ந்திருக்கிறது, கீழே வகுக்கும் எண்ணில் உள்ளூர் வைப்பு மட்டும்தான் இருக்கிறது. பிறரிடம் வாங்கிய பணத்தையும் சேர்த்துக் கடன் கொடுத்துவிட்டு, அதை வைப்பால் மட்டும் வகுத்தால் விகிதம் ஏறத்தானே செய்யும்? திறமையை அளக்க வந்தவர், உள்ளே போன பணம் முழுவதையும் எண்ணிய பிறகுதான் வெளியே வந்த கடனைப் பார்க்க வேண்டும்.

கிராம வங்கிகளின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 1975 அக்டோபர் 2 அன்று ஐந்து வங்கிகளோடு தொடங்கிய அமைப்பு இது. சிறு விவசாயி, விவசாயக் கூலி, கைவினைஞர் ஆகியோருக்கு மட்டும், அதுவும் குறைந்த வட்டிக்கு, கடன் கொடுக்க வேண்டும் என்பது ஆரம்ப விதி. எண்பதுகளின் முற்பகுதியில் நாடு முழுவதும் இந்த வங்கிகளின் விகிதம் நூறைத் தாண்டித்தான் இருந்தது. இன்றைய அளவுகோலில் அது பொற்காலம். ஆனால் அந்தக் காலத்தில்தான் நட்டமும் சேர்ந்துகொண்டே போனது. எண்பதுகளின் இறுதியில் விவசாயக் கடனை ஆராய்ந்த குஸ்ரோ குழு, இவற்றை ஆதரவு வங்கிகளோடு இணைத்துவிடலாம் என்று எழுதும் அளவுக்கு நிலைமை முற்றியது. 1990இல் வந்த கடன் தள்ளுபடியும், வணிக வங்கி ஊழியருக்கு இணையான ஊதியம் தரச் சொன்ன தீர்ப்பும் சேர்ந்து வங்கிகளைக் கலங்கடித்தன. பயந்துபோன வங்கிகள் அடுத்த பத்தாண்டில் கடன் கொடுப்பதைச் சுருக்கி, வைப்பை ஆதரவு வங்கியிலும் அரசுப் பத்திரங்களிலும் போட்டுவிட்டு வட்டி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தன. 2000 வாக்கில் விகிதம் நாற்பதை ஒட்டி இறங்கியிருந்தது. லாபம் மட்டும் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. விகிதம் நூறு இருந்தபோது நட்டம், நாற்பது இருந்தபோது லாபம். இரண்டுமே திறமை இல்லை. முதலாவதில் கொடுத்த கடன் திரும்பவில்லை. இரண்டாவதில் வங்கி தன் வேலையையே செய்யவில்லை. ஒரே எண்ணால் இந்த இரண்டு நோயையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு இணைப்புகள் வந்தன. தமிழ்நாட்டில் அதியமான், வள்ளலார் கிராம வங்கிகள் சேர்ந்து சேலத்தில் பல்லவன் கிராம வங்கி ஆனது; 2019 ஏப்ரல் 1 அன்று அதுவும் விருதுநகரின் பாண்டியன் கிராம வங்கியும் ஒன்றாகித் தமிழ்நாடு கிராம வங்கி பிறந்தது. (வட்டார வங்கி பெரியதொன்றில் கரைவது சேலத்துக்குப் புதிதில்லை. 1925இல் தொடங்கிய சேலம் பேங்க் 1960களில் இந்தியன் வங்கிக்குள் போய்விட்டது. அந்த இந்தியன் வங்கிதான் இன்று கிராம வங்கிக்கும் ஆதரவு வங்கி.)

விகிதத்தின் மேல் எண்ணிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது: கடன் எந்த ஊர்க் கணக்கு? திருச்செங்கோட்டுக் கிளை ஒன்று ரிக் வண்டிக்குக் கடன் தருகிறது. வண்டி போய் ஆழ்துளைக் கிணறு போடுவது ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ. நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி சொந்த ஊரைப் பார்ப்பதே மாதத்தில் சில நாள்தான். மறுபக்கம், சென்னையில் கடன் வாங்கிய ஒரு நிறுவனத்தின் ஆலை சேலத்தில் இருக்கலாம். 2005இல் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு வழி சொன்னது: வங்கியின் தலைமை அளவிலும் மாநில அளவிலும் கடன் பயன்படும் இடத்தை வைத்துக் கணக்கிடுங்கள், மாவட்ட அளவில் கடன் அனுமதித்த இடத்தை வைத்துக் கணக்கிடுங்கள் என்று. அதோடு, மாநிலக் கணக்கில் கிராமப்புற உள்கட்டமைப்பு நிதி என்ற பெயரில் நபார்டு வழியாக மாநில அரசுக்குப் போகும் பணத்தையும் கடனாகச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த நிதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்காமல் விட்ட வங்கிகள் அந்தக் குறையை ஈடுகட்டப் போடும் பணம் அது. கடன் கொடுக்கத் தவறியதற்கான பிராயச்சித்தம், கடன் கொடுத்ததாகவே கணக்கில் ஏறுகிறது. நிர்வாகத்துக்கு இது வசதியான சூத்திரமாக இருக்கலாம். திறமையை இதிலிருந்து படிக்கப் பார்ப்பவர் ஏமாறுவார்.

இவையெல்லாம் கணக்குக் குழப்பங்கள். அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கடன் என்ன கடன் என்பது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு விற்றவர்களுக்கு ஒன்று தெரியும். சேகோ ஆலையில் கிழங்கு லோடை எடை போட்டதோடு வேலை முடியாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். வங்கிக் கடனை நாம் எடை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோம், பாயிண்ட் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் கிராம வங்கியின் கடனில் நகைக்கடனுக்கு, குறிப்பாக விவசாய நகைக்கடனுக்கு, மிகப் பெரிய இடம் உண்டு. 2020 தொடக்கத்தில் ஒரு பவுன் சுமார் 30,000 ரூபாய். நகை மதிப்பில் 75 சதவீதம் என்று அப்போதிருந்த வரம்பில், கல், கழிவெல்லாம் தள்ளாமல் பார்த்தால், ஐந்து பவுன் நகைக்கு 1,12,500 ரூபாய் வரை கடன் கிடைக்கும். 2025 ஏப்ரலில் பவுன் 70,000ஐத் தாண்டியது. அதே ஐந்து பவுன், அதே வரம்பு. கடன் 2,62,500 ரூபாய் வரை போகலாம். கிளையில் ஒரு ஊழியர்கூடக் கூடவில்லை, ஒரு வாடிக்கையாளர்கூடப் புதிதாக வரவில்லை, எந்தத் தொழிலும் புதிதாக முளைக்கவில்லை. விகிதம் மட்டும் ஏறிவிடும். உலகச் சந்தையில் தங்க விலை ஏறியதை அயோத்தியாப்பட்டணத்துக் கிளையின் சாதனையாக எழுதிக்கொள்வது எப்படிச் சரியாகும்?

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஓராண்டு முடிந்ததும் பலர் நகையை மீட்டு வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வட்டியைக் கட்டி, அதே நகையைத் திருப்பி வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் அது புதுக் கடன். மாவட்ட ஆண்டுக் கடன் திட்டத்தில் இந்த ஆண்டு விவசாயத்துக்கு இவ்வளவு வழங்கினோம் என்று இலக்கைத் தாண்டிய சதவீதம் வரும்போது, அதில் பழைய நகை புது ரசீதோடு மறுபடியும் வந்து நிற்பதைத் தனியாகக் காட்டுவதில்லை. அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டினால்தான் மறுபடி வைக்கலாம் என்று வங்கிகள் கறார் காட்டியபோது, இடையில் ஒருநாள் இரண்டு நாளுக்கு வெளியில் வட்டிக்கு வாங்கிப் புரட்டியவர்கள் ஏராளம். அவர்கள் கொடுத்த அந்த வட்டி வங்கியின் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. ஆனால் வைப்பு கடனாக மாறும் பாதையில் விழுந்த செலவுதான் அதுவும்.

நகைக்கடனை இப்படிக் குறைத்துப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், ஜாமீன்தாரர் வேண்டாம், சிட்டா அடங்கலுக்கு அலைச்சல் குறைவு. வாராக்கடன் ஆகும் வாய்ப்பும் மிகக் குறைவு. கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டியவரைத் தடுத்து நிறுத்துவதில் இதைவிடப் பயன்பட்ட கடன் இந்தச் சமவெளியில் வேறு இல்லை என்றுகூடச் சொல்லலாம். அதனால் நகைக்கடனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக எண்ணுங்கள் என்கிறேன். ஏனென்றால் வங்கி என்ற அமைப்பு எதற்காக இருக்கிறதோ அந்த வேலை இதில் மிகக் கொஞ்சம். குமாரபாளையத்தில் நான்கு தறி வைத்திருப்பவர் எட்டாகப் பெருக்கினால் நூல் விலை ஏற்ற இறக்கத்தில் தாங்குவாரா, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரருக்கு ஆர்டர் நிலையானதா என்று ஆளையும் தொழிலையும் எடைபோட்டு, சொத்து இல்லாதவரிடமும் நம்பிக்கை வைப்பதுதான் வங்கியின் தனித்திறமை. நகைக்கடனில் எடைபோடப்படுவது தங்கம் மட்டும். நகை இல்லாதவருக்கு அந்தக் கவுன்டரில் வேலையே இல்லை. சுயஉதவிக் குழுக் கடனில் ஒரு கிளை எடுக்கும் சிரமமும் நகைக்கடனில் எடுக்கும் சிரமமும் ஒன்றா? ஒரே பத்தியில் இரண்டையும் கூட்டிப் போட்டால், சிரமப்பட்டவர் இளைத்தவராகத் தெரிவார்.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? பொருளாதாரத்தில் இதற்கு அறுபது, எழுபது ஆண்டு வயதுள்ள ஒரு வழி இருக்கிறது. 1957இல் பாரல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், ஒரு நிறுவனத்தை ஏட்டுச்சுரைக்காயான இலட்சியத்தோடு ஒப்பிடாதீர்கள், அதே தொழிலில் மிகச் சிறப்பாகச் செய்பவர்களோடு ஒப்பிடுங்கள் என்றார். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் அதைக் கணினியில் போடக்கூடிய கணக்காக மாற்றினார்கள். யோசனை எளிது. கற்பனையாக மூன்று கிளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கிளை: 100 கோடி வைப்பு, 10 ஊழியர், 90 கோடி கடன். இரண்டாவது: 60 கோடி வைப்பு, 14 ஊழியர், 72 கோடி கடன். மூன்றாவது: 100 கோடி வைப்பு, 15 ஊழியர், 81 கோடி கடன். சி.டி. விகிதப்படி 90, 120, 81; இரண்டாவது கிளைக்குத்தான் மாலை. ஆனால் ஆள் கணக்கைச் சேர்த்தால் கதை மாறும். முதல் கிளை ஆளுக்கு 9 கோடி கடன் தருகிறது, இரண்டாவது ஐந்து கோடிக்குச் சற்று அதிகம். ஒன்று ஆளைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது, மற்றது வைப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது. இரண்டில் எதையும் மற்றது எல்லா வகையிலும் மிஞ்ச முடியாது என்பதால் இரண்டுக்கும் முழு மதிப்பெண். மூன்றாவது? முதல் இரண்டு கிளையையும் பாதிப்பாதி கலந்தால் 80 கோடி வைப்பு, 12 ஊழியரில் 81 கோடி கடன் கிடைத்துவிடும். அதே 81 கோடிக்கு மூன்றாவது கிளை 100 கோடியும் 15 பேரும் எடுத்துக்கொள்கிறது. எனவே அதன் திறன் 80 சதவீதம். விகிதத்தில் 90க்கும் 120க்கும் இடையே இருந்த அந்த 30 புள்ளி வித்தியாசம் கரைந்தே போய்விட்டது.

இப்போது ஒரே ஒரு தகவலைச் சேர்ப்போம்: இரண்டாவது கிளையின் கடனில் கால்வாசி, 18 கோடி, வாராக்கடன். திரும்பி வரும் கடன் மட்டும்தான் கடன் என்று எண்ணினால் அதற்கு மிஞ்சுவது 54 கோடி. முதல் கிளையின் அளவுப்படி 54 கோடி கடனுக்கு 60 கோடி வைப்பும் 6 பேரும் போதும். இரண்டாவதில் 14 பேர் இருக்கிறார்கள். மாலை கழன்றுவிட்டது. இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். காவிரிக்கு அக்கரையில், கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு நடந்தது ஏறத்தாழ இதுதான். சிறு வணிகரையும் நெசவுத் தொழிலையும் நம்பி வளர்ந்த வங்கி, பெரிய நிறுவனக் கடன்களில் இறங்கியது. 2018இல் அதன் வைப்பில் முக்கால் பங்குக்கு மேல் கடனாகியிருந்தது. விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு அது சாதாரண வங்கி. 2020 மார்ச்சில் மொத்தக் கடனில் கால்வாசி வாராக்கடன். அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று, வாடிக்கையாளர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற தடை வந்தது. பத்து நாளில் வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுக்குள் போனது. வைப்பு வைத்தவர்கள் தப்பித்தார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

என் எடுத்துக்காட்டிலேயே வாசகர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டாவது கிளை சறுக்கியதும் மூன்றாவது கிளையின் மதிப்பெண் தானாகவே ஏறிவிடும்: முதல் கிளையின் அளவுப்படி 81 கோடிக்கு 90 கோடி வைப்பு வேண்டும், மூன்றாவது எடுத்துக்கொள்வது 100 கோடி, ஆக 80 என்பது 90 ஆகிவிட்டது. அந்தக் கிளை ஒன்றுமே செய்யவில்லை, பக்கத்துக் கிளை கெட்டது, அவ்வளவுதான். ஒப்பீட்டு முறையின் பலமும் பலவீனமும் இதுதான். எல்லாரும் சுமாராக இருக்கும் வகுப்பில் முதல் மாணவனும் சுமார்தான். பத்துக் கோட்பாட்டாளர்கள் பத்து விதமாக அளப்பார்கள் என்பதும் உண்மை. பெர்கர், ஹம்ப்ரி என்ற இரு ஆய்வாளர்கள் 1997இல் 21 நாடுகளில் நடந்த 130 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முறை மாறினால் வங்கிகளின் வரிசையும் மாறக்கூடும் என்றே கண்டார்கள். வைப்பு என்பது வங்கிக்கு மூலப்பொருளா, விளைபொருளா என்ற அடிப்படைச் சண்டையே இன்னும் ஓயவில்லை. வைப்பை வாங்கிக் கடனாக்குவதுதான் வங்கி என்றால் அது மூலப்பொருள். ஆனால் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மூதாட்டியின் முதியோர் உதவித்தொகையைப் பத்திரமாக வைத்து, கேட்டபோது கொடுப்பதும் ஒரு சேவைதானே? அந்தப் பார்வையில் ஒவ்வொரு கணக்கும் விளைபொருள். தொகையை விட எண்ணிக்கை முக்கியம். 60,000 ரூபாயில் ஐம்பது கடன் கொடுக்கும் கிராமக் கிளையும், முப்பது லட்சத்தில் ஒரே கடன் கொடுக்கும் நகரக் கிளையும் தொகையில் சமம். உழைப்பில் சமமே இல்லை. தொகையை மட்டும் எண்ணும் எந்தக் கணக்கும் கிராமக் கிளையைச் சோம்பேறி என்றுதான் சொல்லும்.

இந்தக் குறைகளைக் காட்டி, எதற்கு வம்பு, பழைய விகிதமே போதும் என்று சிலர் முடிப்பார்கள். அந்த முடிவு எனக்கு ஏற்புடையதில்லை. பல எண்கள் ஒன்றோடொன்று முரண்படுவதை நாம் பார்க்கிறோம். ஒரே எண்ணில் அந்த முரண்பாடு இல்லாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தவிர, எந்த அளவையும் ஓராண்டை வைத்து முடிவுகட்டுவது இந்த வட்டாரத்துக்குப் பொருந்தாது. 2006இல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாமக்கல் முட்டை விலை சரிந்து, கோழிப்பண்ணைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியே சலுகை அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் வசூலை வைத்துக் கிளை மேலாளரைத் திறமையற்றவர் என்று சொல்வது அநியாயம். 2021இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானபோது, கூட்டுறவு வங்கிகளின் கடன் புத்தகம் ஒரே உத்தரவில் மாறிப்போனது. பக்கத்துத் தெருவில் கிராம வங்கியில் வாங்கியவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வங்கிகளையும் அந்த ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டால் என்ன தெரியும்? ஒரே தொழிலில், ஒரே வானத்தின் கீழ் கடன் குவிந்திருப்பது வட்டார வங்கியின் பிறவிக் குணம். நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் சேர்ந்த ஐந்தாறு ஆண்டுச் சராசரியில்தான் அதன் முகம் தெரியும்.

ஒப்பிடுவதற்கு ஆள் எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2025 மே 1 முதல் ஒரு மாநிலத்துக்கு ஒரு கிராம வங்கி என்றாகி, நாட்டில் மொத்தமே 28தான் இருக்கின்றன. தமிழ்நாடு கிராம வங்கிக்கு மாநிலத்துக்குள் இணை இல்லை. பீகார் வங்கியோடு ஒப்பிட்டால் நிலமும் தொழிலும் வேறு. ஆனால் அதே வங்கிக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கின்றன. இந்த ஒப்பீட்டு அளவுமுறையை வங்கிக் கிளைகளுக்கு முதலில் பயன்படுத்திய ஷெர்மனும் கோல்டும் 1985இல் எடுத்துக்கொண்டது ஒரே அமெரிக்கச் சேமிப்பு வங்கியின் 14 கிளைகளைத்தான். பள்ளிபாளையம் கிளையைத் திருச்செங்கோட்டோடும், சங்ககிரியை ராசிபுரத்தோடும் வைத்துப் பார்க்க வைப்பு, வாங்கிய மறுநிதி, ஊழியர் எண்ணிக்கை, கணக்குகளின் எண்ணிக்கை, நகை இல்லாமல் கொடுத்த கடன், அதில் திரும்பி வந்தது என்று ஆறு எண்கள் போதும். எல்லாமே வங்கியின் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. நகைக்கடனைப் பிரித்துப் போடுவது இப்போது அவசரமாகவும் ஆகிவிட்டது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 75க்குப் பதில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். பவுன் 70,000 என்று வைத்தால் மூன்று பவுனுக்கு 1,57,500 கிடைத்த இடத்தில் 1,78,500 கிடைக்கும். நகை வைக்கும் குடும்பத்துக்கு அந்த 21,000 ரூபாய் கூடுதல் நல்ல செய்திதான். ஆனால் அதற்கடுத்த காலாண்டுகளில் விகிதம் ஏறி வரும்போது, அதில் தங்க விலை எவ்வளவு, புது விதி எவ்வளவு, தறிக்காரரையும் பட்டறைக்காரரையும் தேடிப்போன மேலாளரின் பங்கு எவ்வளவு என்று கேட்கக் கையில் தனிப் பத்தி ஒன்று இருக்க வேண்டும்.